சர்மிளாவின் முழங்கால்

சர்மிளாவின் இடது முழங்காலில் இரண்டாவது தடவையும் இடி விழுந்தபோது சந்திரகாந்தா முடிவு கட்டிவிட்டாள். யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடவை பட்டால் தற்செயல் என்று விட்டுவிடலாம். எதிரணியில் இரண்டு பேர், வெவ்வேறு நேரத்தில், பந்தை எட்டிப் பிடிக்கிற சாக்கில் ஒரே முழங்காலைத் தேடி வந்து இடித்தால் அதையும் தற்செயல் என்று நம்புவதற்கு அவள் என்ன பச்சைப் பிள்ளையா?

அது அரையிறுதி ஆட்டம். மாத்தளைப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலைகளுக்கிடையில் வருடந்தோறும் நடக்கும் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி. சந்திரகாந்தாவின் அணி வென்றுவிட்டது. மற்றவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஓரமாக நின்று தன் அணிக்காரர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த முகம் தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்கிறது என்பதுதான் அவள் தேடியது.

சந்தேகம் அவளுக்குப் புதிதில்லை. மீன் வாங்கப் போனால் எல்லாரும் செவுளைத் திறந்து பார்ப்பார்கள்; சந்திரகாந்தா மீன்காரரின் முகத்தையும் பார்ப்பாள். அவளுடைய கணவன் சசிக்குமார் த்ரீவீல் ஓட்டுகிறவன். “நான் ஹயர் முடிச்சு வந்தா எனக்குத் தேத்தண்ணி வராதுங்க, மொதல்ல டயர்ல ஒட்டியிருக்கிற சேறு எந்த ஊருச் சேறுன்னு விசாரணை நடக்கும்” என்று தரிப்பிடத்தில் சொல்லிச் சிரிப்பான். அவள் காதுக்கும் அது எட்டியது. சேறு பார்ப்பதை அவள் நிறுத்தவில்லை.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே நெடுநெடுவென்று வளர்ந்து, வாசற்படிகளில் எல்லாம் நெற்றியை இடித்துக்கொண்டவள் அவள். தொழிற்சாலையில் அவளுக்குப் பெக்கிங் பகுதி. மடித்த சட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, பெட்டிகளைத் தூக்கி லொறிப் பக்கம் சேர்க்க வேண்டும். அந்த உயரத்தையும் தோளையும் பார்த்துத்தான் அணியில் சேர்த்தார்கள். சேர்த்த பிறகுதான் தெரிந்தது, கூடைக்கும் அவளுக்கும் பிறவிப் பகை. கைக்கெட்டும் தூரத்திலிருந்து போட்டாலும் பந்து வெளியே வந்து விழும். ஒரு நாள் எதிரணிப் பெண்ணொருத்தி இவர்களுடைய ஆட்டக்காரியின் பின்னலைப் பிடித்து இழுத்தாள். சந்திரகாந்தா கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, சட்டப்படி, அந்தப் பெண் ஓடி வருகிற வழியில் போய் அசையாமல் நின்றாள். வந்து மோதியவள் உட்கார்ந்தவள்தான், ஆட்டம் முடியும்வரை எழவில்லை. அன்றிலிருந்து அவளுக்குச் ‘செக்குரிட்டி’ என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது.

பயிற்றுவிப்பாளர் ஸப்ரிக்குத்தான் பிடிக்கவில்லை. அவர் இளம் வயதுக்காரர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், மாலையில் இங்கே வந்து பழக்குவார். ஓர் ஆட்டக்காரி ஐந்து தடவை பவுல் செய்தால் வெளியே போக வேண்டும் என்பது விதி. சந்திரகாந்தா ஐந்தையும் செய்துவிட்டுத்தான் போவாள்.

“அக்கா, நீங்க பவுல் அடிக்க அடிக்க அவங்களுக்குத்தானே ப்ரீ த்ரோ கிடைக்குது. அடிச்சா விசில் ஊத ரெபரி ஈக்கிறார். ஒரு நல்ல ஆட்டக்காரியக் காப்பாத்த இன்னொரு ஆள் தடி மாதிரி நிக்கிறது எல்லாம் பழைய காலம்.”

“விசில் ஊதுவார் சேர். விசில் சத்தத்துக்கு முழங்கால் ஒட்டிக்குமா?”

“அதுக்காக அஞ்சு பவுலயும் முடிக்கணுமா?”

“மிச்சம் புடிச்சு வீட்டுக்குக் கொண்டு போய்க் கறியா வைக்கிறது?”

ஸப்ரிக்குச் சிரிப்பு வந்தாலும் கருத்து மாறவில்லை. சந்திரகாந்தாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கருத்தும் மாறவில்லை.

அவள் கட்டிக் காத்தது சர்மிளாவை. இருபத்தொரு வயது, தையல் பகுதியில் காலர் பொருத்துகிறவள், அதே மலைப்பக்கத்துப் பிள்ளை. பந்து அவள் கைக்கு வந்தால் மற்றவர்கள் ஓட்டத்தைக் குறைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கொழும்புத் தலைமை அலுவலக அணிக்கு ஒரு பெண்ணை எடுக்கப்போவதாகப் பேச்சு. எடுபட்டால் அங்கேயே வேலை, தங்க இடம், படிக்கிற தங்கைகளுக்கும் ஒரு வழி. இறுதி ஆட்டத்தைப் பார்க்க அங்கிருந்து ஒரு மெடம் வருவதாக உறுதியான செய்தியும் வந்தது. அப்படியிருக்கத்தான் ஒரு நாள் பயிற்சியில் குதித்து இறங்கும்போது சர்மிளாவின் இடது முழங்கால் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. மெடத்துக்குத் தெரிந்தால் ஆளை எடுக்க மாட்டார்கள். எதிரணிக்குத் தெரிந்தால் காலையே எடுத்துவிடுவார்கள்.

ஸப்ரிதான் யோசனை சொன்னார். அணியிலிருந்த முஸ்லிம் பிள்ளைகள் காற்சட்டைக்கு உள்ளே கறுப்பு நிறத்தில் கணுக்கால்வரை லெகின்ஸ் போடுவார்கள். இனி எல்லாரும் அப்படியே போடட்டும், பார்க்க ஒரே சீராக இருக்கும் என்றார். சர்மிளாவின் முழங்கால் பட்டி அந்தக் கறுப்புக்குள் மறைந்தது. மற்றப் பெண்கள் புழுக்கத்தில் முனகினார்களே தவிர காரணம் கேட்கவில்லை. சந்திரகாந்தாவும் தன் பங்குக்கு, ஆட்டத்தில் அந்தப் பிள்ளையை விட்டு நகர்வதில்லை என்று தீர்மானித்துக்கொண்டாள்.

ஆக, தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்களில் ஒருவர்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

முதலில் யட்டவத்தை வெதமாத்தயா. சர்மிளாவின் காலுக்கு எண்ணெய் போட்டுக் கட்டுகிற நாட்டு வைத்தியர். அடுத்த தடவை கட்டுப் போடப் போனபோது சந்திரகாந்தாவும் கூடவே போய், எண்ணெய்ப் போத்தல்களைப் பார்ப்பது போல நின்றுகொண்டு, கலேவெலயிலிருந்தும் உங்களிடம் ஆட்கள் வருவார்களா என்று சிங்களத்தில் கேட்டாள். இறுதி ஆட்டம் கலேவெலத் தொழிற்சாலையோடுதான்; அரையிறுதி அணிக்கு எட்டிய செய்தி அங்கேயும் எட்டியிருக்குமோ என்பது அவள் பயம்.

“எல்லா ஊரிலிருந்தும் முழங்கால் வரும் மகளே” என்றார் அவர். “நான் முகத்தைப் பார்ப்பதில்லை.”

கிழவர் பொய் சொல்லவில்லை. அவள் இருந்த நேரம் முழுக்க அவர் சர்மிளாவை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரை விட்டாள்.

அடுத்தது ஸப்ரி. ஆட்டங்களைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. அந்தப் படங்கள் வேறெங்கும் போகின்றனவா? இரண்டு மாலைகள் அவருடைய கைபேசியின் மேலேயே கண்ணாக இருந்தாள். அதில் அவர் மனைவி வீட்டுக்கு வாங்கிவரச் சொன்ன சாமான்களைத் தவிர வேறொன்றும் வரவில்லை. இவர் தோற்றால் முதலில் அவமானப்படப் போகிறவரும் இவர்தானே என்று அவரையும் விட்டாள்.

மிஞ்சியது நிப்லா.

நிப்லா கலேவெலப் பிள்ளை. முன்பு அங்குள்ள தொழிற்சாலையில் இருந்தவள், சில மாதங்களுக்கு முன்புதான் இங்கே மாறி வந்தாள். பேச்சுக் குறைவு. அணியில் மாற்று ஆட்டக்காரி, பெரும்பாலும் ஓரத்து வாங்குப் பலகையிலேயே இருப்பாள். உடை மாற்றும் அறையில் சர்மிளா பட்டி கட்டிக்கொண்டிருந்தபோது தெரியாமல் கதவைத் திறந்துவிட்டவள் அவள். “நான் ஒண்டும் பாக்கல்ல” என்று அன்றைக்குச் சொன்னாள். பார்த்தவள்தானே அப்படிச் சொல்லுவாள்?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மாத்தளை பஸ் நிலையத்தில் சந்திரகாந்தா அவளைக் கண்டாள். தம்புள்ள பஸ் நிற்கிற பக்கத்தில் ஒரு பெண்ணோடு தலையைச் சாய்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கலேவெல அணியின் ஜுனைதா. அந்த அணிக்கு ஜுனைதா யாரென்றால், இந்த அணிக்குச் சந்திரகாந்தா யாரோ அதுதான்: கூடையில் பந்து போடாத, ஆனால் எல்லாரும் விலகி ஓடுகிற ஆள். ஜுனைதா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டாள். நிப்லா குனிந்து தன் காலில் ஓர் இடத்தைத் தொட்டாள்.

கூட்டம் குறுக்கே போனதில் எந்தக் கால் என்று தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது.

அடுத்த நாள் அரைநாள் வேலை. சாப்பாட்டறையில் எல்லாரும் பார்சல் பிரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து சந்திரகாந்தா நிப்லாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“நேத்து பஸ் ஸ்டாண்டுல யாருகூடக் கதைச்ச?”

நிப்லா கையிலிருந்த சோற்று உருண்டையைக் கீழே வைத்தாள். “ஜுனைதா மாமியோட. எங்கட சொந்தம்.”

“எதப் பத்தி?”

சர்மிளா ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். சந்திரகாந்தா உதறினாள்.

“முழங்காலத் தொட்டுக் காட்டினியே, எங்கண்ணால பாத்தேன். இந்தப் புள்ளயோட வாழ்க்க அந்தக் கால்லதான் இருக்குன்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சே வித்திட்ட.”

நிப்லா அழவில்லை. அழுதிருந்தாலாவது சந்திரகாந்தா கொஞ்சம் தயங்கியிருப்பாள்.

“நான் காட்டிக் குடுக்கல்ல அக்கா” என்றாள் நிப்லா. “என்னா செல்லினண்டு செல்லவும் ஏலா. செல்லினா நீங்க நம்பவும் மாட்டீங்க.”

பார்சலைச் சுற்றிக்கொண்டு எழுந்து போனாள். அன்று மாலையே அணியிலிருந்து விலகுவதாக ஸப்ரியிடம் சொல்லிவிட்டாள். ஸப்ரி சந்திரகாந்தாவைப் பார்த்து, “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான்” என்று மட்டும் சொன்னார். இரண்டு மூன்று நாள் கழித்து நிப்லா லீவு போட்டுவிட்டுக் கலேவெலக்கு, உம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சந்திரகாந்தா தன் மனதுக்குள் முத்திரை குத்திக்கொண்டாள்.

இறுதி ஆட்டம் கலேவெலயில். சீமெந்துத் தரை வெயிலில் கொதித்தது. பந்தலுக்குக் கீழே தலைமை அலுவலக மெடம், கறுப்புக் கண்ணாடியோடு. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஜுனைதாவின் பக்கத்திலிருந்து ஒருத்தி சர்மிளாவின் வலது காலில் வந்து இடித்தாள். இன்னொருத்தியும் அங்கேயே இடித்தாள். அது நல்ல கால், தாங்கும் என்று சந்திரகாந்தா கண்டுகொள்ளவில்லை. அவளுடைய கவனமெல்லாம் இடது பக்கத்தில்.

ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் இரண்டாவதில் திசை மாறியது. இப்போது வருகிறவர்கள் எல்லாரும் இடது பக்கமாகவே வந்தார்கள். சந்திரகாந்தா குறுக்கே விழுந்து தடுத்தாள்; தோளால் தள்ளினாள்; ஒரு பவுல், இன்னொரு பவுல். மூன்றாம் கால்பகுதி முடிவதற்குள் நான்கு ஆகிவிட்டது. அப்படியும் ஓர் இடி தப்பி உள்ளே போனது. சர்மிளா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். சர்மிளா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, ஒன்றும் இல்லை என்று சிரித்தாள்.

மத்தியஸ்தர் சர்மிளாவுக்கு ப்ரீ த்ரோ கொடுத்தார். போடும்வரை இரண்டு அணியும் கோட்டோரத்தில் மாறி மாறி வரிசையாக நிற்க வேண்டும். சந்திரகாந்தாவுக்குப் பக்கத்தில் ஜுனைதா. தோளோடு தோள்.

“நிப்லாதானே சொன்னது?” சந்திரகாந்தா முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

“ஒருத்தரும் செல்லல்ல தங்கச்சி.” ஜுனைதாவும் திரும்பவில்லை. “நீங்கதானே காட்டிக்கிட்டு நிக்கிறீங்க. அந்தப் புள்ளக்கி எப்பவும் இடப்பக்கம். வலப்பக்கம் எங்கட ஆக்கள் போய் இடிச்சாலும் நீங்க திரும்பியும் பாக்கல்ல. பூட்டுப் போட்ட அறையிலதானே சாமான் ஈக்கும்.”

சர்மிளா எறிந்த பந்து உள்ளே போனது. சந்திரகாந்தா கைதட்டவில்லை.

இது சூழ்ச்சி. இடது பக்கத்திலிருந்து தன்னை நகர்த்துவதற்காகச் சொல்கிறாள். இல்லாவிட்டால் எதிரி எதற்காக உண்மையைச் சொல்ல வேண்டும்? அடுத்த இரண்டு ஓட்டங்களும் அவள் பிடிவாதமாக இடப்பக்கமே ஓடினாள். ஓடும்போது முதல் தடவையாகத் தன் கால்களையே கவனித்தாள். சர்மிளா எங்கே திரும்பினாலும் அவை தாமாகவே அவளுடைய இடது பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பந்து வலது பக்கம் இருந்தபோதும்.

அடுத்த ஓட்டத்தில் வேண்டுமென்றே வலது பக்கம் போய் நின்றாள். இடது பக்கமாக வந்துகொண்டிருந்த கலேவெலப் பெண்ணொருத்தி, சின்னவள், ஒரு கணம் தடுமாறினாள். சந்திரகாந்தாவைப் பார்த்தாள். பிறகு வலது பக்கம் சுற்றி வந்து, சர்மிளாவின் நல்ல காலில் இடித்துவிட்டுப் போனாள்.

சந்திரகாந்தாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றது அவள்தான். அரையிறுதியில் இடித்தவர்களுக்கும் அவளே காட்டியிருக்கிறாள். வெதமாத்தயாவை விசாரித்தாள், ஸப்ரியின் கைபேசியை வேவு பார்த்தாள், சாப்பாட்டறையில் ஒரு பிள்ளையை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி வைத்துக் கிழித்தாள். தன்னை ஒரு தடவையும் சந்தேகப்படவில்லை.

இனி வலது பக்கம் நின்று ஏமாற்றலாம்தான். சின்னப் பெண் ஏமாறுவாள், ஜுனைதா ஏமாற மாட்டாள். பாம்பின் கால் பாம்பறியும். எந்தப் பக்கம் நின்றாலும் அவள் அதை வாசித்துவிடுவாள். சந்திரகாந்தா ஓரத்துக்கு நடந்தாள்.

“சேர், என்னய வெளிய எடுங்க.”

ஸப்ரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னும் ஒரு பவுல் ஈக்குதே உங்களுக்கு.”

“இருக்கட்டும் சேர்.”

கடைசிக் கால்பகுதி முழுக்க அவள் வாங்கில் உட்கார்ந்து, மடியிலிருந்த துவாயை முறுக்கிக்கொண்டிருந்தாள். சர்மிளா காவல் இல்லாமல் ஆடினாள். கூட யாரும் ஓடி வராததால் பந்தை வாங்கியவுடன் திரும்பிப் போட இடமும் கிடைத்தது. ஒருத்தி தோளில் அடித்தாள். மத்தியஸ்தர் விசில் ஊதினார். இவ்வளவு நேரமும் இந்த மனுசன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று சந்திரகாந்தாவுக்கு அவர் மேலும் ஒரு சந்தேகம் வந்தது. கடைசியில் இவள் வலது பக்கம் மாறி நின்றதில் கலேவெலப் பெண்கள் குழம்பிவிட்டார்களோ என்னவோ, வலித்த காலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கூடை வித்தியாசத்தில் அணி தோற்றது. ஆனால் மெடம் பந்தலிலிருந்து இறங்கி வந்து சர்மிளாவோடு நீண்ட நேரம் பேசினார். அடுத்த மாதம் கொழும்புக்கு வரச் சொல்லியிருக்கிறார் என்று சர்மிளா அழுதுகொண்டே ஓடி வந்து இவளைக் கட்டிக்கொண்டாள். தடி தேவையா இல்லையா என்று ஸப்ரி அப்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

தண்ணீர்க் குழாயடியில் ஜுனைதா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சந்திரகாந்தா பக்கத்தில் போய் நின்றாள்.

“பஸ் ஸ்டாண்டுல அந்தப் புள்ளகிட்ட என்னா கேட்டீங்க?”

ஜுனைதா தலைத்துணியின் ஓரத்தால் முகத்தைத் துடைத்தாள். ஆட்டம் முடிந்துவிட்டதால் மறைக்க ஒன்றும் இல்லை.

“உங்கட அரையிறுதிய நான் பாத்த. அந்தப் புள்ளக்கி ஒரு கால் ஏலாதுண்டு வெளங்கிச்சு, எந்தக் காலுண்டு சரியாத் தெரியல்ல. நிப்லாக்கிட்ட கேட்டேன். விடாமக் கேட்டேன். சொந்தக்காரி நான், பாவம், எப்படித் தப்புற? வலது முழங்கால் மாமிண்டு தொட்டுக் காட்டிச்சு. அத நம்பித்தான் இண்டைக்கு மொதல்ல வலப்பக்கம் வந்தோம். நீங்க நிக்கிற எடத்தப் பாத்துத்தான் அவ பொய் செல்லிருக்காண்டு தெரிஞ்சிச்சு.”

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. ஜுனைதாதான் அதை மூடினாள்.

அணியின் வேன் புறப்பட்டபோது சந்திரகாந்தா ஏறவில்லை. ஜுனைதாவிடம் வழி கேட்டுக்கொண்டு, சந்தைக்குப் பின்பக்கத்துக் குறுகிய ஒழுங்கையில், வியர்வை காயாத சட்டையோடு நடந்தாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் அது. என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துப் பார்த்து, வீடு வருவதற்குள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள்.

கதவைப் பாதி திறந்தது நிப்லாவின் உம்மா. பெயரைக் கேட்டதும் அந்தப் பாதியும் சுருங்கியது. “எங்கட புள்ளய அழ வச்சது போதாதா” என்று அவர் தொடங்க, உள்ளேயிருந்து நிப்லா வந்தாள்.

“சர்மிளாட கால்?” என்றுதான் முதலில் கேட்டாள்.

“நல்லா இருக்கு. அந்த மெடம் அவள எடுத்திருவாங்க போல.” சந்திரகாந்தா வாசல் நிலைக்குக் குனிந்து நின்றாள். “காட்டிக் கொடுத்தது நான்தான் புள்ள. நீ மறைச்சத நான் போய்க் காட்டிட்டேன். ஜுனைதா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. ஒன்னய எல்லாரு முன்னுக்கும் பேசினேன், எல்லாரு முன்னுக்கும் மன்னிப்புக் கேக்கிறேன். திரும்பி டீமுக்கு வா.”

நிப்லா சந்திரகாந்தாவின் முகத்தைப் பார்த்தாள். கைகளைப் பார்த்தாள். பிறகு அவளைத் தாண்டி ஒழுங்கையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள், வேறு யாரும் கூட வந்து மறைந்து நிற்கிறார்களா என்று.

“ஆரு உங்கள அனுப்பின?” என்று கேட்டாள்.

“யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்.”

நிப்லா தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த இடத்தில் தான் நின்றிருந்தால் தானும் நம்பியிருக்க மாட்டாள் என்று சந்திரகாந்தாவுக்குத் தெரியும்.